வாசலில் வலை கட்டிய கூடு

போட்டோக்காரர் சங்கத்து மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வீட்டுக்கே வந்து கேட்டார். நீள ஜூம் லென்ஸை வைத்துக்கொண்டு பூ, பூச்சி, காய் என்று சின்னச் சாமான்களைப் பெரிதாகப் படம் எடுப்பது எப்படி என்று நான்கு பக்கம், தொழில்நுட்பமாக. ‘தொழில்நுட்பமாக’ என்பதை இரண்டு தடவை சொன்னார். போன மலரில் நான் எழுதியதில் முக்கால்வாசி எனக்கு ஆகாத ஆட்களைப் பற்றித்தான் இருந்தது என்று அவருக்குக் குறை. காபி கொடுத்து, சரி என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.

புதிதாகத் தொழிலுக்கு வந்திருக்கிற தம்பிகளே, தங்கைகளே, தொழில்நுட்பம் உங்கள் போனிலேயே கொட்டிக் கிடக்கிறது. எதை எந்த எண்ணில் வைப்பது, எவ்வளவு வேகத்தில் அடிப்பது என்பதையெல்லாம் மூச்சுவிடாமல் பேசுகிற பிள்ளைகள் அதில் சொல்லிவிடுகிறார்கள். நான் சொல்லப்போவது அதில் வராது. ஏற்காட்டில் முப்பது வருஷத்துக்கு மேல் ஸ்டுடியோ நடத்தியவன், தொழில் தெரிந்தவன் என்று பெயர் வாங்கியவன், அழகான படம் ஒன்றை எடுத்து, அந்தப் படத்தாலேயே ஒரு மனிதரைச் சாகக் கொடுக்கப் பார்த்தேன். அதைத்தான் எழுதுகிறேன். செயலாளர் மன்னிக்கட்டும்.

கடையை மூடுவதற்கு மூன்று வருஷம் முன்னால் அந்த லென்ஸ் என்னிடம் வந்தது. பழைய கேமராவை ஒதுக்கிவிட்டு மிரர்லெஸ் வாங்கிய கையோடு, நூறு மில்லிமீட்டரிலிருந்து நானூறு வரை நீளும் ஜூம் ஒன்றையும் வாங்கினேன். பறவை எடுக்க என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அந்தச் செய்தி எப்படியோ பறவைகளுக்கும் எட்டிவிட்டது போலிருக்கிறது, ஒன்றுகூட வெளிச்சத்தில் வந்து உட்காரவில்லை. பனிமூட்டத்துக்குள் சாம்பல் புள்ளிகளாக நாற்பது படம் எடுத்து அலுத்த பிறகு கீழே பார்த்தேன். கீழே தும்பி இருந்தது, சிலந்தி இருந்தது, காபிப் பூ இருந்தது.

சின்னதை எடுக்க அதற்கென்றே தனி லென்ஸ் உண்டு, தெரியும். ஆனால் அதை வைத்துக்கொண்டு பூச்சியின் மூக்குக்கு நேராகப் போக வேண்டும், தரையில் படுக்க வேண்டும். அந்த வயதில் நான் குனிந்தால் நிமிர்த்துவதற்கு ஆள் தேட வேண்டும். நீள ஜூமில் அந்தத் தொல்லை கிடையாது. ஐந்தாறு அடி தள்ளி நின்று, முழுக்க நீட்டினால் பட்டாம்பூச்சியின் மீசை வரைக்கும் வரும். அதற்கு நாம் இருப்பதே தெரியாது. நமக்கும் சட்டை அழுக்காகாது.

முதல் மூன்று நாள் மட்டும் ஒன்றுமே வரவில்லை. கிட்டத்தில் எதைக் காட்டினாலும் லென்ஸ் கிர்ரென்று முன்னும் பின்னும் ஓடிவிட்டு, முடியாது என்று நின்றுவிடும். பின்னால் நகர்ந்து நகர்ந்து பத்தடி தாண்டினால்தான் துல்லியம் பிடித்தது. அங்கிருந்து பட்டாம்பூச்சி எள்ளளவு தெரிந்தது. கடைக்காரன் பழுதானதைத் தலையில் கட்டிவிட்டான் என்று முடிவு செய்து, திட்டுவதற்கு வேண்டிய வார்த்தைகளை எல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவிலும் ஒத்திகை பார்த்தபடி பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினேன். ரிப்பேர் பார்க்கும் இடத்தில் கண்ணாடி போட்ட ஒரு பெண் லென்ஸைத் திருப்பிப் பார்த்தாள்.

“ஏனுங் சார், இந்தப் பக்கம் ஒரு சுவிச்சு இருக்குதுங்களே, பாத்தீங்களா?”

நகத்தால் அதை ஒரு தள்ளு தள்ளினாள். எட்ட இருப்பதை மட்டும் தேடு, கிட்ட இருப்பதைப் பார்க்காதே என்று லென்ஸுக்குச் சொல்லுகிற சுவிட்ச் அது. மூன்று நாளும் நான் அதை அந்தப் பக்கமே வைத்திருந்திருக்கிறேன்.

“பாத்தேன், பாத்தேன். உங்களுக்குத் தெரியுதான்னு பாக்கத்தான் வந்தேன்” என்றேன். அவள் நல்ல பெண், சிரிக்கவில்லை. திரும்பும்போது பஸ் அடிவாரத்தில் நின்ற ஐந்து நிமிஷத்தில், ஜன்னல் வழியாகக் கொய்யாக் கூடையில் உட்கார்ந்திருந்த ஈயை எடுத்தேன். ஈயின் முதுகு மயிர் வரைக்கும் வந்தது. கூடைக்காரம்மா என்னையும் லென்ஸையும் பார்த்துவிட்டு, “ஆப்பீசருங்களா சாமி? காலையில பறிச்ச காயிதானுங்க” என்று சாக்கைப் போட்டுக் கூடையை மூடிவிட்டார்.

அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த லென்ஸுக்கு இரண்டு குணங்கள் உண்டு என்று உங்களுக்கே தெரியும். ஒன்று, நாம் பிடிக்கிற பொருள் மட்டும் துல்லியமாக நிற்கும், முன்னால் பின்னால் இருப்பதெல்லாம் குழைந்து ஒரே நிறமாகிவிடும். இன்னொன்று, தள்ளித் தள்ளி இருக்கும் பொருள்களை ஒட்டவைத்துக் காட்டும். சேர்வராயன் கோயிலுக்குப் போகும் வழியில் ஒருவரை நிறுத்தி எடுத்தால், அரைப் பர்லாங் பின்னால் நிற்கும் மின்கம்பம் அவர் உச்சந்தலையில் முளைத்திருக்கும். இரண்டும் எனக்கு நன்றாகத் தெரியும். கடைக்கு வருகிறவர்களிடம் படத்தைக் காட்டி, “பின்னாடி பாருங்க, ஒண்ணுமே இல்லை” என்று பெருமையடிப்பேன். இருப்பதை இல்லை என்று சொல்லிச் சொல்லியே நாக்குப் பழகிவிட்டது.

சேலத்தில் நான் தொழில் பழகிய ஸ்டுடியோவின் முதலாளிக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஷட்டரை அமுக்குவதற்கு முன், உட்கார்ந்திருப்பவர் அருகே ஒருமுறை நடந்துபோய், சட்டைக் காலரை இழுத்துவிட்டு வருவார். காலர் நேராக இருந்தாலும் போவார். காலரே இல்லாத கைக்குழந்தையிடமும் போவார். கிழவருக்கு வேறு வேலை இல்லை என்று நான் நினைத்திருக்கிறேன். கிட்டே போய் ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு வருகிறார் என்பது பிறகு புரிந்து, நானும் அதைச் செய்ய ஆரம்பித்தேன். நீள லென்ஸ் வந்ததும் முதலில் போனது அந்தப் பழக்கம்தான்.

இதற்குள் ஊருக்கும் லென்ஸ் பற்றித் தெரிந்துவிட்டது. அது படம் எடுக்கிற சாமான் என்பதையே எல்லோரும் மறந்துவிட்டார்கள். கூரையில் ஓடு விரிசல் விட்டிருக்கிறதா, தண்ணீர்த் தொட்டியில் குரங்கு குளிக்கிறதா, உச்சிக் கிளையில் பலா பழுத்துவிட்டதா என்று எதற்கெடுத்தாலும் என்னைக் கூப்பிட்டார்கள். லென்ஸை நீட்டி ஒரு படம் எடுத்து, பெரிதாக்கிப் பார்த்து, தீர்ப்புச் சொல்வேன். பலா விஷயத்தில் இரண்டு தரம் தவறினேன். யாரும் பெரிதுபடுத்தவில்லை.

அந்தத் தை மாதம் மாரமங்கலம் பக்கம் ஒரு சின்ன எஸ்டேட்டில் மிளகு பறித்துக்கொண்டிருந்தார்கள். மிளகுக் கொத்தைப் பனித்துளியோடு எடுத்துத் தரவேண்டும் என்று எஸ்டேட்காரர் கேட்டிருந்தார். அவர் இருப்பது சேலத்தில். எஸ்டேட்டில் கணக்கு எழுதுகிற ரைட்டர் வைத்ததுதான் சட்டம். ஆள்களை நிரைக்கு நிரை பிரித்து அனுப்புவதும், மழை வருமா என்று சொல்வதும், யாருக்கு யார் சொந்தம் என்று நினைவு வைத்திருப்பதும் அவர்தான்.

மிளகு பறிப்பில் அங்கே முதல் கை சின்னப்பன். சில்வர் ஓக் மரங்களில் ஏறிக் கிடக்கிற மிளகுக் கொடிக்கு ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு, வேதக் கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்தபடி ஏறுவார். அன்று அவர் வழக்கத்தைவிட உற்சாகமாக இருந்தார். நான்கு நாள் கழித்துத் திங்கட்கிழமை அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம். படம் எடுக்கப்போவது நான்தான். பையன் வீட்டார் சேலத்தில் கொஞ்சம் வசதியானவர்கள். சம்பந்தியின் பேச்சு வந்தாலே சின்னப்பன் தோளில் கிடக்கும் துண்டைச் சரி செய்துகொள்வார்.

கடைசி நிரையில் ஒரு மரத்தடிக்கு வந்ததும் அவருடைய பாட்டு நின்றது. அண்ணாந்து பார்த்தபடி இருந்தார். பதினைந்தடி உயரத்தில், மிளகு இலைகளுக்கு நடுவே, இரண்டு தேங்காய் அளவுக்கு ஒரு பழுப்பு உருண்டை தெரிந்தது.

“கதண்டுக் கூடுங்க” என்றார்.

கதண்டு என்பது சாதாரணக் குளவி இல்லை. நாலைந்து கொட்டினால் ஆஸ்பத்திரி, கூட்டமாக வந்தால் ஆள் போய்ச் சேர வேண்டியதுதான். கூட்டில் கதண்டு இருந்தால் அந்த மரத்தை விட்டுவிட்டு, தீயணைப்புக்காரர்களுக்குச் சொல்லி அனுப்புவார்கள். விட்டுப்போன பழைய கூடாக இருந்தால் பயமில்லை. எது என்று கண்டுபிடிக்க அந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு முறை உண்டு. எட்ட நின்று, தடித்த காபிச் செடி ஒன்றின் மறைவிலிருந்து ஒரு மண்ணாங்கட்டியை எறிவார்கள். இரைச்சல் கிளம்பினால் ஓட வேண்டும், கிளம்பாவிட்டால் ஏறலாம். கட்டி எறிவதிலும் சின்னப்பன்தான் முதல் கை. குனிந்து ஒன்றைப் பொறுக்கவும் செய்துவிட்டார்.

“அட, இருங்க” என்றார் ரைட்டர். “போன வருசம் நீங்க கட்டி எறிஞ்சு, பக்கத்து நெரையில ரெண்டு பொம்பளைங்களுக்குக் கொட்டுச்சு. மறந்துட்டீங்களா? இந்தா, போட்டோக்காரரு லென்சு இருக்குதுங்களே. அவரு பாத்துச் சொல்லட்டும்.”

நான் அதற்காகவே காத்திருந்தவன் மாதிரி ஸ்டாண்டை விரித்தேன். காலை எட்டரை மணி இருக்கும், பனி இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. மரத்திலிருந்து பதினைந்தடி தள்ளி நின்று ஜூமை முழுக்க நீட்டினேன். இலைகளின் இடைவெளியில் கூடு தெரிந்தது. அதைவிட முக்கியமாக வேறொன்று தெரிந்தது. கூட்டின் வாய்க்கு நேரே வட்டமாக ஒரு சிலந்தி வலை, இழைக்கு இழை பனித்துளி கோத்து, ஒரு துளிகூடச் சிதறாமல். முப்பது வருஷத்தில் அப்படி ஒரு வலையை நான் பார்த்ததில்லை. கூட்டைப் பார்க்க வந்தவன் வலையை இருபது படம் எடுத்தேன்.

பிறகு நிமிர்ந்து தீர்ப்புச் சொன்னேன்.

“காலிக் கூடுங்க. வாசல்ல வலை கட்டியிருக்குது பாருங்க. ஆளு போக்குவரத்து இருக்கிற வாசல்ல சிலந்தி வலை கட்டுமா?”

ரைட்டர் கேமராவின் திரையை எட்டிப் பார்த்து, “நொம்ப கரெக்டுங்க” என்று சொல்லிவிட்டு அடுத்த நிரையைப் பார்க்கப் போய்விட்டார். சின்னப்பன் மட்டும் கையிலிருந்த மண்ணாங்கட்டியைக் கீழே போடாமல் நின்றார்.

“எதுக்கும் ஒரு கட்டி எறிஞ்சு பாத்துக்கறனுங்களே. திங்கக்கெழம நான் கோயில்ல நிக்கோணுமுங்க.”

எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது. “அப்ப எதுக்குங்க என்னைப் பாக்கச் சொன்னீங்க? நானூறு லென்ஸுல பாத்துச் சொல்றேன், மண்ணாங்கட்டியைத்தான் நம்புவீங்களா?”

அவர் கட்டியைக் கீழே போட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, “நீங்க சொன்னாச் சரிதானுங்க” என்றார். ஏணியை எடுத்து மரத்தில் சாய்த்தார். அந்த மூன்று வார்த்தைகள் இன்றைக்கும் சில சமயம் சாப்பிடும்போது காதில் கேட்கும்.

முப்பதடி தள்ளி ஒரு கல்லில் உட்கார்ந்து, எடுத்ததை ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தேன். போட்டிக்கு அனுப்பலாம் என்று தோன்றியது. ‘வாசலில் வலை’ என்று தலைப்புக்கூட வைத்துவிட்டேன். வலையைப் பெரிதாக்கினேன். ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு தலைகீழ் மரம் இருந்தது. பின்னால் கூடு, பட்டுப்போலக் குழைந்து, மங்கலாக. என்ன அழகாகக் குழைந்திருக்கிறது என்று நினைத்தபோதுதான் அது உறைத்தது.

வலை துல்லியம், கூடு மங்கல். வலை கூட்டின் வாயில் இருந்திருந்தால் இரண்டும் ஒரே தூரம். இரண்டும் துல்லியமாக இருக்க வேண்டும். கூடு இவ்வளவு குழைந்திருக்கிறது என்றால் அது வலைக்கு ஒரு முழமாவது பின்னால் இருக்கிறது. இலைக்கும் கிளைக்கும் நடுவே சிலந்தி தன்பாட்டுக்குக் கட்டிய வலையை, லென்ஸ் கொண்டுபோய்க் கூட்டின் வாசலில் ஒட்டிவைத்திருக்கிறது. மின்கம்பத்தை ஆள் தலையில் முளைக்கவைக்கிற அதே வேலை.

குழைந்திருந்த கூட்டின் வாயைப் பெரிதாக்கினேன். அந்தக் குழைவுக்குள் ஒரு மஞ்சள் கீற்று. அடுத்த படத்தில் அது வலது பக்கம் நகர்ந்திருந்தது. அதற்கடுத்த படத்தில் இரண்டு கீற்று.

நிமிர்ந்தேன். சின்னப்பன் ஏணியில் ஆறாவது மிதியில் இருந்தார். பனி விலகி, மரத்தின் பாதிக்கு வெயில் விழ ஆரம்பித்திருந்தது. குளிரில் அடங்கிக் கிடக்கிற கதண்டு வெயில் பட்டால் எழுந்துவிடும் என்று அந்த மலையில் எல்லோருக்கும் தெரியும்.

“கதண்டு” என்று கத்துவதற்கு வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடினேன். ஒற்றை மூங்கிலில் நிற்கிற மனிதர் திடுக்கிட்டால் கை கொடியை இழுக்கும், கொடி கூட்டை ஆட்டும். கூடு அவர் தலைக்கு மேல் நாலடியில் இருந்தது. அவர் தானாக, பதறாமல், உடனே இறங்க வேண்டும். முப்பது வருஷம் இந்தத் தொழிலில் நான் கற்ற ஒன்று, போட்டோக்காரன் சொன்னால் ஜனங்கள் எதையும் செய்வார்கள் என்பது. மெதுவாக ஏணியடிக்குப் போய், மூங்கிலைப் பிடித்துக்கொண்டு, முடிந்தவரை சாதாரணமாகச் சொன்னேன்.

“சின்னப்பண்ணா, ஒரு போட்டோ எடுக்கோணும். கீழ வாங்க.”

“இங்கயே எடுங்களேன். ஏணியில இருந்தா நல்லா இருக்குமுங்க.”

“அங்க வெளிச்சம் சரியில்லீங்க.”

“இப்பத்தான் வெயிலு வருதுங்க” என்று சொல்லி, ஒரு கையை எடுத்துத் தலைமுடியைக் கோதிக்கொண்டு, சிரித்தார். அதோடு விட்டாலும் பரவாயில்லை. படம் எடுப்பாக வர வேண்டும் என்று இன்னொரு மிதி மேலே ஏறி நின்றார். நான் கூப்பிடக் கூப்பிட அவர் கூட்டுக்குக் கிட்டே போய்க்கொண்டிருந்தார். என் கையில் கேமராகூட இல்லை, கல்லிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. சிரிப்பைக் கலைக்காமல் கூட்டுக்கு மூன்றடி கீழே நின்றுகொண்டிருந்தார்.

வாயில் வந்ததைச் சொன்னேன்.

“உங்க சம்பந்தி வந்திருக்காருங்க. ரோட்டுல நிக்கறாரு.”

மனிதர் இறங்கின வேகத்தை நான் பார்த்ததில்லை. மிதி எதையும் மிதித்ததாகத் தெரியவில்லை, மூங்கிலோடு வழுக்கியே வந்தார். என்னைத் தாண்டிப் போகும்போதே இடுப்புச் சாக்கை அவிழ்த்து என் கையில் திணித்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “காப்பி வெக்கச் சொல்லுங்க” என்று சொல்லிக்கொண்டே ரோட்டுப் பக்கம் ஓடினார். அவர் வந்த வேகத்தில் ஏணி கொடியை உரசியது. மேலே மோட்டார் போட்ட மாதிரி ஓர் இரைச்சல் கிளம்பியது. ஏணியடியில் சாக்கோடு நின்றுகொண்டிருந்தது நான்.

அந்தச் சாக்குத்தான் என்னைக் காப்பாற்றியது. தலையோடு கவிழ்த்துக்கொண்டு காபிச் செடிகளுக்குள் புகுந்து விழுந்தேன். கதண்டு குளிரில் பாதித் தூக்கத்தில் இருந்ததால் நான்கோடு போயிற்று. வலது புருவத்தில் ஒன்று, காதில் ஒன்று, பிடரியில் இரண்டு. ரைட்டர் ஓடிவந்து சருகைக் கொளுத்திப் புகை போட்டு என்னை இழுத்துவந்தார். அப்போது ரோட்டுப் பக்கமிருந்து சின்னப்பனின் குரல் கேட்டது.

“ஏனுங்க, சம்பந்தியைக் காணமுங்களே?”

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். காலையில் முகம் எனக்கே அடையாளம் தெரியவில்லை. அதைவிடக் கஷ்டம் வேறு. ரைட்டர் அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். போட்டோக்காரர் தம் உயிரைக் கொடுத்துச் சின்னப்பனைக் காப்பாற்றினார் என்று. எஸ்டேட்டிலிருந்து வாழைப்பழத் தாரோடு வந்து பார்த்தார்கள். பொண்ணின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சின்னப்பனை ஏணியில் ஏற்றியதே நான்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் நினைத்தேன். உதடு வீங்கியிருக்கிறது, பேச முடியவில்லை என்று சைகை காட்டினேன். கொட்டியது உதட்டில் இல்லை. சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வலது கண் முழுக்க மூடியிருந்தது. ஆயுசு முழுக்க வலது கண்ணால் பார்த்தே எடுத்தவன், இடது கண்ணை வைத்தால் மூக்கு போய்த் திரையில் அழுந்துகிறது. படம் எடுக்காமல் விட மனம் வரவில்லை. அந்தக் கோயிலில் பீடத்துக் கிராதியைத் தாண்டிப் போட்டோக்காரர்கள் போகக்கூடாது என்பது ஃபாதர் போட்ட விதி. ஆகவே நீள ஜூமைத்தான் மாட்டியிருந்தேன். எட்ட நின்று மோதிரம் போடுகிற விரல்களை எடுத்தேன். பொண்ணின் விரல் நடுங்கியதுகூட வந்தது. அது நல்ல படம். பொய் சொல்லாத படம்.

பூசையில் ஃபாதர் அறிவிப்புச் சொல்லும்போது, இந்தக் குடும்பத்துக்கு ஆபத்தில் கை கொடுத்த நல்ல மனிதர் ஒருவர் இங்கே நிற்கிறார் என்று என்னைக் காட்டினார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வீங்கின கண்ணிலிருந்து காலை முதலே தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. மனம் உருகி அழுகிறார் என்று நினைத்து, முதல் வரிசையில் இருந்த அம்மாக்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

பூசை முடிந்து எல்லோரும் படிக்கட்டில் இறங்கும்போது சின்னப்பனை ஓரமாகக் கூப்பிட்டேன். பட்டுக்கரை வேட்டியில், முகத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல், மாப்பிள்ளையைவிட எடுப்பாக இருந்தார்.

“அண்ணா, ஒண்ணு சொல்லோணும். அன்னிக்குக் கூடு காலின்னு சொன்னது தப்புங்க. தப்புன்னு படத்துலயே தெரிஞ்சுது. நான் வலையோட அழகைப் பாத்துட்டுக் கூட்டைப் பாக்கல. உங்களை மேல ஏத்துனதே நான்தான்.”

அவர் படிக்கட்டில் நின்று மகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“நான் கட்டி எறியறேன்னு சொன்னனுங்க.”

“சொன்னீங்க.”

“நீங்க மொகத்தத் தூக்கி வெச்சுக்கிட்டீங்க.”

“ஆமாங்க.”

“நான் செத்திருந்தா இந்தப் புள்ள இன்னிக்கு இங்க நிக்காதுங்க.”

“ஆமாங்க” என்றேன். இந்தத் தடவை இரண்டு கண்ணிலும் தண்ணீர் வந்தது.

அவர் கொஞ்ச நேரம் துண்டின் நுனியைத் திருகிக்கொண்டிருந்தார். என் வீங்கின முகத்தை ஒரு பக்கமிருந்தும் மறுபக்கமிருந்தும் பார்த்தார். “வீங்க வேண்டிய மொகம்தான் வீங்கியிருக்குது” என்றார். “இனிமே நீங்க படம் எடுங்க. எடுத்ததுக்கப்பறம் நான் ஒரு கட்டி எறியறனுங்க. ரெண்டும் பாத்துக்கிட்டு ஏறலாம்.”

அதற்குள் சம்பந்தி வந்துவிட்டார். அவருக்கு யாரோ கதையைச் சொல்லியிருக்கிறார்கள். “ஏனுங்க, நான் வந்திருக்கேன்னு சொன்னதுக்கா இவரு அப்படி எறங்குனாரு?” என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். அன்று முழுக்க அவர் மார்பை நிமிர்த்திக்கொண்டுதான் நடந்தார்.

எல்லோரையும் நிறுத்திப் படம் எடுக்கிற நேரம், நானும் அதில் நிற்க வேண்டும் என்று பொண்ணு பிடிவாதம் பிடித்தது. கேமராவை வாங்கியது ரைட்டர். மாட்டியிருந்தது நீள ஜூம் என்பதை அவரும் யோசிக்கவில்லை, ஒற்றைக் கண்ணோடு நானும் யோசிக்கவில்லை. ஆட்கள் படத்துக்குள் அடங்கவில்லை என்று அவர் பின்னால் போனார், போனார், கோயில் வாசலைத் தாண்டி ரோட்டுக்கே போய்விட்டார். பஸ் ஒன்று ஹார்ன் அடித்து நின்றது. அங்கிருந்தும் என்ன நினைத்தாரோ, ஜூமை முழுக்க நீட்டிவிட்டு அமுக்கினார். இருபது பேர் நின்ற இடத்தில் நான்கு பேர் வந்தார்கள். பொண்ணு, மாப்பிள்ளை, சின்னப்பன், சம்பந்தி. நான்கு முகமும் கண்ணாடி மாதிரித் துல்லியம். அவர்களுக்குப் பின்னால் இரண்டு படி மேலே நின்றிருந்த நான் ஒரு மங்கலான பழுப்புத் திட்டாக வந்திருக்கிறேன். நான் எடுத்திருந்தால் அதைக் காட்டி, பின்னாடி ஒன்றுமே இல்லை பாருங்கள் என்று பெருமைப்பட்டிருப்பேன்.

‘வாசலில் வலை’யை எந்தப் போட்டிக்கும் அனுப்பவில்லை. அழிக்கவும் இல்லை. புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டுவதற்கு வைத்திருக்கிறேன், வீட்டுக்கு வந்தால் பார்க்கலாம். எல்லோரும் முதலில் வலையைத்தான் பார்ப்பார்கள். நீங்களும் பார்ப்பீர்கள்.

போன மாதம் சின்னப்பனின் பேரனுக்கு ஞானஸ்நானம். விருந்துக்கு மாரமங்கலம் போயிருந்தேன். ரைட்டர் எடுத்த அந்தப் படத்தைப் பெரிதாக்கி, சட்டம் போட்டு, வீட்டின் முன்னறைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வந்த விருந்தாளி ஒருவர் அதன் முன்னால் நின்றார்.

“படம் நொம்ப நல்லா இருக்குதுங்க. பொண்ணு மாப்பிள்ளைக்குப் பின்னாடி மட்டும் என்னமோ கறை பட்டுருச்சாட்ட இருக்குது.”

அது கறை இல்லை, லென்ஸின் துளை அகலமாகத் திறந்திருந்தால் அப்படித்தான் ஆகும் என்று விளக்குவதற்கு நான் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டேன். சின்னப்பன் என்னை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

“கறை இல்லீங்க, ஆளு” என்றார் விருந்தாளியிடம். “கிட்டப் போயிப் பாருங்க.”

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சுவரருகே போய், மூக்கு படுகிற தூரத்தில் நின்று வெகுநேரம் பார்த்தார். பிறகு திரும்பி, என் முகத்தைப் பார்த்தார்.

“அட, ஆமாங்க. ஆளு இருக்குது.”